நெட் இல்லாத நேரத்தில் லாகர் என்ன செய்யும்?

மழை, மண் ஈரம், வெப்பநிலை என்று எதையாவது அளந்து பதிவு செய்கிற டேட்டா லாகர்களைக் கம்பத்தில் மாட்டுவது என் வேலை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேறு, பெட்டியைத் தயாரிக்கிறவர்கள் வேறு. நடுவில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறவன் நான். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை போய், கேபிளைச் செருகி, டேட்டாவை இறக்கிக்கொண்டு வருவோம். இப்போது வருகிற லாகர்களில் பாதிக்கு மேல் வைஃபை இருக்கிறது. பக்கத்தில் ஒரு கட்டடம், அதில் ஒரு ரவுட்டர் இருந்தால் போதும், டேட்டா தானாகவே சர்வருக்குப் போய்விடும் என்கிறார்கள். போகவும் செய்கிறது.

ஆனால் வைஃபை செட்டிங் என்றால் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து, பச்சை விளக்கு எரிந்ததும் பெட்டியை மூடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது சின்ன வேலை. நெட் கிடைக்காத நேரத்தில் லாகர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவைப்பதுதான் பெரிய வேலை. அதற்கான செட்டிங்குகள் பெரும்பாலும் யாரும் திறக்காத ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் கிடக்கும்.

சின்ன வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். இதைக் கம்பத்தடியில் செய்யக் கூடாது, மேஜையில் செய்ய வேண்டும். வெயிலில் போன் திரையே தெரியாது. கம்பத்தில் கைக்கு எட்டுகிற தூரத்துக்குள் எது எது இருக்கிறது என்று பார்க்கத்தான் அங்கே நேரம் சரியாக இருக்கும்.

பல லாகர்கள் முதல்முறை உயிர் பெற்றதும் தாங்களே ஒரு சின்ன வைஃபையைப் பரப்பும். போனை அதில் சேர்த்து, பிரவுசரில் 192.168.4.1 போன்ற ஒரு முகவரியை அடித்தால் செட்டிங் பக்கம் வரும். வரவில்லையா? முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். லாகரின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுபிடித்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் லாகரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது போன் கீபோர்டு இரண்டு குறும்பு செய்யும். முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்க்கும். வைஃபை பெயரிலும் சரி, பாஸ்வேர்டிலும் சரி, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. கடைசி இடைவெளியும் ஓர் எழுத்துதான். பாஸ்வேர்டுக் கட்டத்துக்குள் அதுவும் புள்ளியாகத்தான் தெரியும், கண்ணால் பிடிக்கவே முடியாது. நான் நோட்ஸில் அடித்து, சரிபார்த்து, அங்கிருந்து ஒட்டுகிறேன்.

ரவுட்டருக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. வைஃபை பெயருக்கு மொத்தம் 32 பைட் இடம்தான். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், கால், கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘மழைமானி’ என்று வைத்தாலே 21 பைட் போய்விடும். இடம் போதுமென்றாலும், லாகரின் திரையில் அது கட்டம் கட்டமாகத்தான் தெரியும், சில லாகர்களால் அந்தப் பெயரைச் சேமிக்கவே முடியாது. களத்து ரவுட்டருக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். தமிழ்ப் பற்றை அறிக்கையில் காட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது பாதுகாப்பு முறை. புது ரவுட்டர்களில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய வைஃபை சிப் உள்ள லாகர் உள்ளே நுழையாது. சில லாகர்கள் அதையும் ‘பாஸ்வேர்டு தவறு’ என்றே சொல்லும். எனக்குப் பிடித்த ஏற்பாடு, ரவுட்டரிலேயே லாகர்களுக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க்: 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், டபிள்யூபிஏ2, நீளமான பாஸ்வேர்டு. 63 எழுத்து வரை வைக்கலாம், 20 வைத்தால் தாராளம். பெரும்பாலான லாகர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டர்களில் லாகர் சில நாள் சேரும், சில நாள் முரண்டு பிடிக்கும். தனிப் பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கல்வி நிறுவனங்களிலும் விடுதிகளிலும், சேர்ந்தவுடன் ஒரு பக்கம் வந்து ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தச் சொல்லும் வைஃபை இருக்கும். லாகருக்குக் கை கிடையாது. அந்த இடத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவரிடம் லாகரின் மேக் முகவரியை (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உள்ள அடையாள எண்) கொடுத்து, அந்தப் பக்கம் இல்லாமல் விடச் சொல்ல வேண்டும். மேக் முகவரி லாகரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். திருகி மாட்டிய பிறகு அடிப்பக்கம் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே மேஜையில் இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

சேனலைப் பற்றியும் (2.4 கிகாஹெர்ட்ஸுக்குள் ரவுட்டர் பேசும் அலைவரிசைத் துண்டு) ஒரு வார்த்தை. ரவுட்டரில் ‘ஆட்டோ’ என்று இருந்தால் அது நெரிசலைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்குச் சேனல் மாறும். 12, 13 சேனல்கள் பல நாடுகளில் உண்டு. ஆனால் அமெரிக்கச் சந்தைக்கு என்று அமைக்கப்பட்ட கருவிகள் பொதுவாக 11 வரைதான் தேடும். ரவுட்டர் 13-க்குப் போன நாளில் லாகர் காணாமல் போகும், ரவுட்டரை அணைத்துப் போட்டதும் திரும்பி வரும், காரணம் யாருக்கும் புரியாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்திவிடுகிறேன். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைக்கிறேன். லாகர் அனுப்புவது சில நூறு பைட். அதற்கு அகலம் எதற்கு?

ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லாகரின் விலாசத்தை, லாகரிலேயே நிரந்தரமாக எழுதி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு யாரோ ரவுட்டரை மாற்றுவார்கள், 192.168.1 என்று இருந்தது 192.168.0 என்று ஆகும், லாகர் அனாதையாகிவிடும். லாகரில் டிஹெச்சிபி (முகவரியை ரவுட்டரிடமே கேட்டு வாங்கும் முறை), ரவுட்டரில் அந்த மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஒதுக்கீடு, இதுதான் சரி. கட்டாயம் லாகரில்தான் எழுத வேண்டும் என்றால் டிஎன்எஸ் (சர்வரின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். விட்டால் ரவுட்டர் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும், சர்வரின் பெயரை மட்டும் லாகரால் கண்டுபிடிக்க முடியாது.

கடிகாரத்தையும் வைஃபை செட்டிங்கோடு சேர்த்தே பார்க்கிறேன். லாகருக்குள் இருக்கும் காசு பேட்டரி தீர்ந்து, மின்சாரமும் போய் வந்தால், தேதி 1970-க்கோ 2000-க்கோ போய் நிற்கும். இப்போதைய சர்வர்கள் பெரும்பாலும் பாதுகாப்பான இணைப்பைத்தான் ஏற்கும், அதற்கு லாகர் முதலில் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும். 1970-ல் நிற்கிற லாகருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இணைப்பை முறித்துக்கொள்ளும். வைஃபையில் சேர்ந்திருக்கும், சிக்னல் அருமையாக இருக்கும், ஒரு வரி டேட்டா வராது. இதற்கு மருந்து, லாகர் முதலில் என்டிபி சர்வரைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். என்டிபி போவது யுடிபி 123-ம் போர்ட் வழியாக. நிறுவன ஃபயர்வால்கள் பல அதை அடைத்து வைத்திருக்கும். தங்களுக்கென்று உள்ளேயே ஒரு நேர சர்வர் வைத்திருப்பார்கள். அதன் முகவரியைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். நேர மண்டலம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதை சர்வர் பார்த்துக்கொள்ளட்டும். கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் ஊர்களில் உள்ளூர் நேரம் வைத்தால் வருஷத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் இரண்டுமுறை வரும். அந்த ஒரு மணி நேர மழையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சரி, மேஜை வேலை முடிந்தது, கம்பத்துக்கு வருவோம்.

என்னோடு வரும் தம்பி ஒருவன் கம்பத்தடியில் நின்று போனைக் காட்டுவான். “அண்ணே, நாலு கோடு இருக்கு, போதாதா?”

“உன் போன்ல நாப்பது கோடு இருக்கட்டும். லாகர் என்ன சொல்லுதுன்னு படி.”

லாகர் சொல்லும் சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் வரும், மைனஸ் போட்டு. மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூட சிக்னல் பலவீனம். மைனஸ் 50 என்றால் அமர்க்களம். 67 வரை கவலையில்லை. 70-ஐத் தாண்டினால் எனக்குக் கை அரிக்கும். 80-க்கு மேல் என்றால் இன்றைக்குச் சேர்ந்தாலும் நம்ப மாட்டேன். இந்த எண்ணை, பெட்டியின் கதவை மூடி, பூட்டி, நான் ஆறேழு அடி தள்ளி வந்த பிறகு பார்க்க வேண்டும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே குடிக்கும். பெட்டி உலோகமாக இருந்தால் கதவைத் திறந்து வைத்து அளந்ததற்கும் மூடி அளந்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும். உலோகப் பெட்டிக்கு ஆன்டெனா வெளியில்தான். ஆன்டெனாவை வெளியே கொண்டுவரும் கேபிளைக் குட்டையாக வையுங்கள். ஆர்ஜி-58 வகைக் கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் தின்னும், மெல்லிய ஆர்ஜி-174 அதைவிட அதிகம். 3 டெசிபல் போனால் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 5 மீட்டர் கேபிள் இழுத்து ஆன்டெனாவை உச்சியில் கட்டியவர், ஏறிய பலனில் பாதியைக் கேபிளுக்கே தானம் செய்திருப்பார்.

குச்சி ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். அதன் நுனி பார்க்கும் திசையில் கிட்டத்தட்ட எதுவும் போகாது. அழகுக்காக ரவுட்டரைப் பார்த்து நீட்டிவைப்பதுதான் அதைச் செவிடாக்கச் சிறந்த வழி.

வயல்களில் இன்னொரு விஷயம். ரவுட்டருக்கும் லாகருக்கும் நடுவே அலை நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் போவதில்லை. நடுவில் உப்பிப் பரவித்தான் போகும், அந்தப் பரப்புக்கு ஃப்ரெனெல் மண்டலம் என்று பெயர். 100 மீட்டர் தூரம் என்றால் நட்டநடுவில் அதன் ஆரம் 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 60 சதவீதமாவது, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல், தடையில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனாவும் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, விதைத்த புதிதில் அளக்கிறோம், எல்லாம் பிரமாதம். மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து, அதன் மேல் மழையும் பெய்து இலையெல்லாம் ஈரமாக நிற்கும்போது? கருவியில் ஒரு கோளாறும் இல்லை, நடுவில் ஒரு பச்சைச் சுவர் வளர்ந்துவிட்டது. அதனால் வெற்று நிலத்தில் அளக்கும்போது மைனஸ் 60 அல்லது அதைவிட நல்ல எண் இருந்தால்தான் ஒப்புக்கொள்கிறேன். இல்லாவிட்டால் ஆன்டெனா மேலே ஏற வேண்டும்.

இனி பெரிய வேலை.

ஒரு மழைமானி லாகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் பெயர் வேண்டாம். கிண்ணம் கவிழும் வகை மழைமானி, ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் ஒருமுறை கவிழும், லாகர் எண்ணும், 10 நிமிஷத்துக்கு ஒருமுறை கூட்டுத்தொகையை எழுதிவைக்கும். பெருமழை நாட்களில் மட்டும் அந்த இடத்தில் மழை குறைவாகப் பதிவானது. பக்கத்தில் கையால் அளக்கும் மழைமானி வைத்திருந்தார்கள். தூறல் நாட்களில் இரண்டும் ஒத்துப்போகும், கொட்டித் தீர்த்த நாட்களில் லாகர் பாதிகூடக் காட்டாது. கிண்ணத்தில் குப்பை அடைத்திருக்கிறது என்றார்கள். கழுவினார்கள். அளவுத் திருத்தம் செய்தார்கள். சென்சாரையே மாற்றினார்கள்.

குற்றவாளி வைஃபை. மழை பலமாகப் பெய்தால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் கட்டடத்தில் இருந்த ரவுட்டர் அணையும். லாகர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வைஃபையைக் காணோம். அதன் அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘5 நிமிஷம் வைஃபை கிடைக்காவிட்டால் மறுதொடக்கம்’ என்று ஒரு வரி, பெட்டி வரும்போதே இயக்கத்தில் இருந்தது. ஆக, மழை கொட்டுகிற நேரம் பூராவும் லாகர் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் எழுதிவைக்காத எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டது. மழை எப்போது அதிகமோ அப்போது பார்த்துக் கணக்கு அழிகிற மாதிரி யாரோ திட்டம் போட்டு வைத்தது போல இருந்தது. டேட்டா கோப்பில் ‘எத்தனையாவது தொடக்கம்’ என்று ஒரு பத்தி இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அதைத் தேதியோடு சேர்த்து வரைந்து பார்த்தபோது, பெருமழை நாட்களில் அந்தக் கோடு மாடிப்படி ஏறியிருந்தது. மறுதொடக்கத்தை அணைத்ததும் இரண்டு மழைமானியும் ஒத்துப்போக ஆரம்பித்தன.

அலுவலக வைஃபை கேமராவுக்கு அந்த மறுதொடக்கம் நல்ல யோசனைதான். எழுதியவர் அப்படிப்பட்ட கருவிகளை நினைத்து எழுதியிருப்பார். அளவுக் கருவிக்கு அது விஷம். அளப்பது முதல் வேலை, அனுப்புவது இரண்டாவது வேலை. இரண்டாவது கெட்டுப்போனதற்காக முதலாவது நிற்கக் கூடாது. இப்போது எந்த லாகர் கைக்கு வந்தாலும் அந்த வரியைத் தேடிப் பிடித்து அணைக்கிறேன். அணைக்கவே முடியாது என்றால் 24 மணி நேரம் என்று நீட்டுகிறேன்.

அடுத்தது மறுமுயற்சி. வைஃபை இல்லாதபோது லாகர் விடாமல் தேடிக்கொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது. வைஃபை சிப் விழித்திருந்தால் சராசரியாக 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பும் கணத்தில் 200-ஐத் தாண்டும். 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, விடாமல் தேடினால் 30 மணி நேரத்தில் காலி. அதே சிப் மணிக்கு ஒருமுறை 20 வினாடி மட்டும் விழித்தால் சராசரி 0.6 மில்லி ஆம்பியருக்குக்கூட வராது; மற்ற செலவையெல்லாம் சேர்த்தாலும் மாதக் கணக்கில் ஓடும். ஒரே பேட்டரி, ஒரே லாகர். மூன்று முறை முயன்று கிடைக்காவிட்டால் அடுத்த மணி வரை தூங்கு, அப்போதும் இல்லையென்றால் ஆறு மணி நேரம் கழித்துப் பார் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும் வசதி இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். சோலார் பேனல் இருக்கிறதே என்பார்கள். மின்சாரத்தைக் கெடுத்த அதே மேகம்தான் பேனலையும் மூடியிருக்கும்.

இதையெல்லாம் கையேடு சொல்வதை நம்பி விடுவதில்லை. மேஜையில் லாகரை ஓடவிட்டு, ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். மறுநாள் காலையில் முதலில் லாகரின் உள் நினைவகத்தைப் பார்ப்பேன், ரவுட்டரைத் தொட மாட்டேன். 10 நிமிஷ இடைவெளி பிசகாமல் இருக்கிறதா? சில லாகர்கள் வைஃபைக்காகக் காத்திருக்கும் 30 வினாடியில் அளப்பதையும் நிறுத்திவிடும், நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கும். அப்புறம் பிளக்கைச் செருகிவிட்டு சர்வரைப் பார்ப்பேன். நேற்றிரவுப் பதிவுகள் எல்லாம் வந்தனவா, புதியது மட்டும் வந்ததா? ஒரே பதிவு இரண்டுமுறை வந்தால் சர்வர் இரண்டாகக் கணக்கெடுக்கிறதா? மழைக் கணக்கில் இது ஆபத்து, கூட்டுத்தொகை ஊதிப்போகும். பதிவு எண்ணை வைத்து நகலை ஒதுக்கச் சொல்லி சர்வர் பார்க்கிறவரிடம் அப்போதே சண்டை போட்டுவிடுவது நல்லது, ஆறு மாதம் கழித்துப் போட்டால் அவருக்கும் கஷ்டம்.

நினைவகம் நிரம்பினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். பழையதை அழித்துப் புதியதை எழுதுமா, அப்படியே நின்றுவிடுமா? இடப் பற்றாக்குறை பொதுவாக இல்லை. நாளுக்கு 144 பதிவு, ஒன்று 50 பைட் என்றாலும் 7,200 பைட்தான், 4 மெகாபைட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் கொள்ளும். ஆனால் அனுப்பாமல் காத்திருக்கும் வரிசைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன எல்லை வைத்திருக்கும் லாகர்கள் உண்டு. டேட்டா உள்ளே பத்திரமாக இருக்கும், தானாக அனுப்பாது, நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும்.

பெட்டி மூடியின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்: வைஃபை பெயர், மேக் முகவரி, மாட்டிய தேதி, அன்றைய டிபிஎம், பயிர் எந்த உயரத்தில் இருந்தது. பாஸ்வேர்டு அதில் எழுதுவதில்லை. லாகர் தானே பரப்பும் வைஃபையின் ஆலைப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுகிறேன், அது கையேட்டிலேயே அச்சாகி ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

ரவுட்டர் இருக்கும் கட்டடத்துக்காரரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பேன். என்றைக்காவது ரவுட்டரை மாற்றினால், புதியதிலும் லாகர்களுக்கான அந்த நெட்வொர்க்கை அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே டபிள்யூபிஏ2 என்று வைத்துவிடுங்கள். லாகருக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது, வழக்கம்போலச் சேர்ந்துகொள்ளும். நானும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.